ஒருசந்தியும் பனங்கட்டியும்

போன மாதம் ஒரு காலை, நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து துளசி தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்தான் அவள் தாதியாக வந்து சேர்ந்தாள். நீரிழிவு கிளினிக்கை இப்போது அவள்தான் பார்க்கிறாள்.

“மிஸி, மீட்டர் வேலை செய்யேல்லை. வெளியில சனம் நிரம்பி நிக்குது. நான் இப்ப என்ன செய்யிறது?”

“மீட்டர் பழுதானா மனுசருக்குச் சீனி வராதோ? முதல்ல ஒவ்வொருத்தரின்ர கையையும் தொட்டுப் பார்” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஓய்வூதியம் வரத் தொடங்கிய பிறகும் அது குறையவில்லை.

பின்னேரம் மறுபடியும் எடுத்தாள். புது மின்கலம் போட்டதும் மீட்டர் உயிர்த்துவிட்டதாம். “நீங்கள் அந்தக் காலத்தில மீட்டர் இல்லாம என்னெண்டு சமாளிச்சனீங்கள்? ஆறுதலா எழுதித் தாங்கோவன் மிஸி” என்றாள். கேட்டவள் அவள், வாசித்துக் களைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சி பெற்றேன். கட்டில் விரிக்கவும் ஊசி போடவும் திட்டு வாங்கவும் அங்கேதான் பழகினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வன்னிக்கு மாற்றம் கிடைத்தது. கடல்நீரேரியைத் தாண்டி வந்தபோது ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு வருடம் என் தலை நரைக்கும்வரை நீண்டது.

நான் சொல்லப்போகிற ஆஸ்பத்திரி முல்லைத்தீவுக் கரைக்கும் காட்டுக்கும் நடுவில் இருந்தது. பாதிக் கட்டடம், பாதி தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில். மின்சாரம் இல்லை. மருந்து லொறி வந்தால் வரும், வராவிட்டால் வராது. எங்கள் பெரியவர் சிவஞானம் டொக்டர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். நோயாளி எதிரில் கதிரையில் இருந்தவுடன், என்ன வருத்தம் என்று கேட்பதற்கு முன்னால் அவருடைய உள்ளங்கையைப் பிடித்துக்கொள்வார். சூடா, குளிரா, ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று அந்தப் பிடியிலேயே பார்த்துவிடுவார். ஊர்ச்சனம் அவருக்குக் ‘கைரேகை டொக்டர்’ என்று பெயர் வைத்திருந்தது. அது அவருக்கும் தெரியும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆட்களிடம், “நேற்று விடியக் கண் முழிச்சதிலயிருந்து சொல்லுங்கோ” என்பார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார். நான் பேசுவேன். ஆகவே எனக்கென்று ஒரு சைகை வைத்திருந்தார். என் பக்கமாகச் சுட்டுவிரலை மேசையிலிருந்து சற்று உயர்த்தினால் நான் வாயை மூட வேண்டும். ஒரு நாளைக்கு அந்த விரல் எத்தனை தரம் உயர்ந்திருக்கும் என்று நான் எண்ணவில்லை.

ஜெசிந்தாவை முதன்முதலாகத் தூக்கி வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது இருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தாள். மூச்சு ஆழமாக, வேகமாக இழுத்தது. வாயிலிருந்து பழம் அழுகிய மணம். சின்ன வயதில் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுகிற வகை அது. வயது போனவர்களுக்கு வருகிற சீனி வருத்தம் போல் குளிசையோடு சமாளிக்க முடியாது. ஊசி இல்லையென்றால் ஆள் இல்லை.

தகப்பன் அந்தோனிப்பிள்ளை கரைவலைத் தொழிலாளி. தாய் திரேசம்மா. அவர்களுக்கு இவள் ஒரே பிள்ளை. சேலைன் ஏறிக்கொண்டிருக்க, அந்தோனிப்பிள்ளை வாட்டு வாசலில் முழந்தாளில் நின்று உரத்து நேர்த்தி வைத்தார். பிள்ளை கண் திறந்தால், இனி ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் தாயும் தகப்பனும் மகளும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஒருசந்தி இருப்பார்கள் என்று புனித அந்தோனியாரிடம் சொன்னார். ஒருசந்தி என்றால் அவர்களுடைய உபவாசம். எனக்கு அப்போது அது காதில் விழுந்தது, அவ்வளவுதான். உயிர் போகிற நேரத்தில் வைக்கிற நேர்த்தியை யார் கணக்கில் எடுப்பார்கள்?

மறுநாள் ஜெசிந்தா கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

அவளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் தாய் தகப்பனுக்குப் பாடம் எடுத்தோம். முதலில் பானை. பெரிய பானைக்குள் ஈரமணல், மணலுக்குள் சின்ன முட்டி, முட்டிக்குள் இன்சுலின் போத்தல், மேலே நனைத்த சாக்கு. மர நிழலில் வைத்து, மணல் காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதுதான் எங்கள் குளிர்சாதனப் பெட்டி.

அடுத்தது மூத்திரச் சோதனை. நீல நிறத்தில் ஒரு கரைசல் கொடுப்போம். அதைச் சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, குழாயின் வாயை ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பிப் பிடித்துக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், செம்மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. ஸ்பிரிட் கிடைக்காததால் மண்ணெண்ணெய் விளக்கில்தான் காய்ச்சினோம். குழாய் கரி பிடித்துவிடும். சீலையால் துடைத்துப் பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம்.

கண்ணாடிச் சிரிஞ்சை அவிக்கவும் சொல்லிக் கொடுத்தேன். ஊசிமுனை மழுங்கினால் கொண்டுவரச் சொன்னேன். அந்தோனிப்பிள்ளை கொண்டுவரவில்லை. தூண்டில் தீட்டுகிற கல்லில் தானே தீட்டிவிட்டார். அது தெரிந்த நாள் நான் போட்ட சத்தம் வாட்டு முழுக்கக் கேட்டது.

“பிள்ளையைப் பிடிக்கப் போறியளோ, மீனைப் பிடிக்கப் போறியளோ?”

அவர் கோபிக்கவில்லை. “பஞ்சில இழுத்துப் பாருங்கோ மிஸி” என்றார். நாங்கள் தீட்டினாலும் அப்படித்தான் பார்ப்போம். முனையில் சிலும்பு இருந்தால் பஞ்சு மாட்டும். இழுத்தேன், மாட்டவில்லை. “சரி, இனித் தீட்டினா என்னட்டைக் காட்டிப்போட்டுக் குத்துங்கோ” என்று சொல்லி விட்டுவிட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர் அவர். அளவுக்கு மீறியே செய்வார். பிறகு வந்த வில்லங்கம் எல்லாம் அந்தக் குணத்தால்தான் வந்தது.

சில வாரம் போனது. ஜெசிந்தாவின் மூத்திரம் ஒவ்வொரு முறையும் செங்கல் நிறமாகவே வந்தது. ஊசி தவறவில்லை, பானையின் மணல் ஈரமாகவே இருந்தது. போத்தலை மாற்றிப் பார்த்தோம், அப்போதும் செங்கல்தான். பிள்ளை மெலிந்துகொண்டே போனாள். டொக்டர் மூவரையும் இருத்தி, ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு தன் கேள்வியைத் தொடங்கினார்.

“நேற்று விடியக் கண் முழிச்சதிலயிருந்து சொல்லுங்கோ.”

திரேசம்மா சொன்னா: “விடிய ஊசி போட்டது ஐயா. பிறகு புட்டும் மீன்சொதியும். அதுக்கு முதல் ஒரு வெறுந்தேத்தண்ணி.”

“சீனி போட்டோ?”

“ஐயோ, சீனியோ? இவளுக்கு வருத்தமெண்டு சொன்ன அண்டைக்கே சீனிப்போத்தலை எறிஞ்சு போட்டார் இவர்.”

“அப்ப தேத்தண்ணிக்கு என்ன கடிக்கிறவ?”

“பனங்கட்டிதான்.”

நான் வாயைத் திறந்தேன். விரல் உயர்ந்தது.

“ஒரு நாளைக்கு எத்தினை தேத்தண்ணி குடிப்பா?” டொக்டரின் குரல் மாறவே இல்லை.

“அவளுக்குத் தாகம் ஐயா. கேக்கேக்க எல்லாம் குடுப்பன்.”

சீனி ஏற ஏறத் தாகம். தாகத்துக்குத் தேத்தண்ணி. தேத்தண்ணிக்குப் பனங்கட்டி. பனங்கட்டிக்குச் சீனி. அந்தச் சுற்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பனையிலிருந்து வருவது உடம்புக்கு நல்லது, அது சீனியில் சேராது என்று எங்கள் சனத்துக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. படித்த ஆட்களும் அப்படித்தான். என் சொந்தத் தமையனும் அப்படித்தான் சொல்வார்.

டொக்டர் நிதானமாக விளக்கினார். “பனங்கட்டியும் சீனிதான் அந்தோனி. நிறம் மட்டும் வேற.” அதோடு இன்னொன்றும் சொன்னார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்தினால் சீனி ஒரேயடியாக இறங்கிவிடும். கை நடுங்கி உடம்பு வேர்த்தால் உடனே ஒரு துண்டு இனிப்புக் கொடுக்க வேண்டும் என்றார். அந்தோனிப்பிள்ளை “ஓம் ஐயா, ஓம் ஐயா” என்று தலையாட்டினார். ஆனால் முதல் பாதிதான் அவருக்குள் இறங்கியது. பிள்ளையைக் கொல்ல வந்த ஒன்றை அதே பிள்ளைக்கு மருந்தாகக் கொடு என்றால் எந்தத் தகப்பனுக்கு மனம் ஏற்கும்? வீட்டில் ஓலைக் குட்டான்களில் பொதிந்திருந்த பனங்கட்டியை எல்லாம் கடலில் எறிந்தார். அயல் வீடுகளுக்கும் போய், “என்ர பிள்ளைக்கு ஒரு பொட்டு இனிப்பும் குடுக்கப்படாது” என்று சொல்லிவிட்டு வந்தார்.

செங்கல் மஞ்சளானது. மஞ்சள் பச்சையானது. ஜெசிந்தாவின் கன்னத்தில் சதை வைத்தது. பள்ளிக்கூடம் போனாள். தவக்காலம் வந்ததும் கோவிலில் பசாம் படிக்கவும் போனாள். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லி அழுது பாடுகிற பாட்டு அது. நல்ல குரல் அவளுக்கு.

பெரிய வெள்ளி அன்று பின்னேரம் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கும் அந்தோனிப்பிள்ளைக்கும் நடுவில் ஜெசிந்தா துவண்டு கிடந்தாள். கோவிலில் சிலுவையை முத்தமிடுகிற முத்திக்கு வரிசையில் நின்றவள் திடீரென்று பிதற்றத் தொடங்கியிருக்கிறாள். தாயை அடித்திருக்கிறாள். பேய் என்று சிலர் தீர்த்தம் தெளித்தார்களாம். சீனி ஏறிவிட்டது என்று வேறு சிலர் சொல்ல, தகப்பன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். திரேசம்மா பின்னால் யாரோ ஒருவரின் சைக்கிளில் வந்து சேர்ந்தா.

“விடிய ஊசி போட்டனீங்களோ?” என்று கேட்டேன்.

“போட்டனாங்கள் மிஸி. ஒரு நாளும் தவறக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“சாப்பாடு?”

“இண்டைக்கு ஒருசந்தியெல்லோ.”

றப்பர் குழாய் வைத்து மூத்திரம் எடுத்தேன். வாட்டில் வேலை செய்த பெண் அதைக் கொதிக்க வைத்தா. செம்மஞ்சள். நிறங்களை இப்போது எங்களைப்போலவே வாசிக்கத் தெரிந்த அந்தோனிப்பிள்ளை அதைக் கண்டுவிட்டார்.

“சீனி கூடிட்டுது! ஊசியைப் போடுங்கோ மிஸி! ஏன் நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறியள்?”

அவளுடைய கை என் கையில் இருந்தது. தொப்பலாக நனைந்திருந்தது. கண் ஒன்று சொல்ல, கை வேறொன்று சொன்னது. சிவஞானம் டொக்டர் ஓடிவந்தார். அவர் ஓடி நான் கண்டது அன்று மட்டும்தான். குழாயைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைப் பிடித்தார், பிறகு நெற்றியைத் தொட்டார்.

“சீனி இறங்கிப் போச்சு. அது விடியப்புறத்திலயிருந்து சேர்ந்து கிடந்த மூத்திரம், அது பழங்கதை சொல்லுது. கைதான் இப்பத்தைய கதை” என்றார்.

அந்த நேரம் இன்சுலின் ஏற்றியிருந்தால் பிள்ளை முடிந்திருப்பாள்.

நரம்பில் ஏற்றுகிற குளுக்கோஸ் அந்த வாரம் கைவசம் இல்லை. குசினியில் சீனி தீர்ந்து நாளாகியிருந்தது. டொக்டர் தன் மேசை லாச்சியை இழுத்தார். உள்ளே அவர் தேத்தண்ணிக்குக் கடிக்கிற பனங்கட்டி, ஓலைக் குட்டானோடு இருந்தது. நான் அதை உடைத்து, ஒரு பேணியில் மட்டாகச் சுடுதண்ணீர் விட்டுத் தேன் பதத்துக்குக் கரைத்தேன். கொண்டு வந்தபோது அந்தோனிப்பிள்ளை பேணியோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். வலை இழுத்த கை, அசைக்க முடியவில்லை.

“குடுக்க விடமாட்டன். ஐயாதானே சொன்னனீங்கள், பனங்கட்டி இவளுக்கு விஷமெண்டு!”

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கத்த வாயெடுத்தேன். டொக்டர் விரலை உயர்த்தினார். பிறகு அந்த விரலாலேயே அந்தோனிப்பிள்ளையின் மணிக்கட்டைத் தொட்டார்.

“நான் விஷமெண்டு சொல்லேல்லை அந்தோனி. சீனியெண்டு சொன்னனான். இப்ப அவளுக்குத் தேவை சீனி. கையை விடுங்கோ.”

அவர் கையை விட்டார். அதற்குள் எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது.

ஜெசிந்தாவைப் பக்கவாட்டில் சரித்து, தலையைத் தாழ்த்திக் கிடத்தினோம். நினைவு தப்பியவருக்கு வாயில் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். டொக்டர் பாகை விரலில் தொட்டுக் கன்னத்தின் உட்பக்கம் தடவினார். தொண்டை அசைகிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அசைந்தால் அடுத்த தொடல், அசையாவிட்டால் காத்திருத்தல். அவசரப்பட்டால் கெட்டுப்போகிற வேலை. என்னைப் போன்ற பொறுமை கெட்டவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. திரேசம்மா கட்டில் காலடியில் இருந்து செபமாலை சொன்னா. தகப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பேணியில் பாதி முடிந்தபோது வேர்வை நின்றது. கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா தானாக விரலைச் சப்பத் தொடங்கினாள். கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நாக்கால் உதட்டைத் தடவினாள். முகம் கோணியது.

“ஆர் எனக்குப் பனங்கட்டி தந்தது? என்ர ஒருசந்தி முறிஞ்சு போச்சே!”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அந்தோனிப்பிள்ளை சுவரைவிட்டுத் திரும்பவே இல்லை, முதுகு மட்டும் குலுங்கியது.

இனி நேர்த்தி என்ன ஆவது? அடுத்த பெரிய வெள்ளியும் வரத்தானே போகிறது. பிள்ளை இனி ஒருசந்தி இருக்கவே கூடாது என்று டொக்டர் சொன்னதற்கு அந்தோனிப்பிள்ளை மரியாதையாகவே பதில் சொன்னார். “ஊசி உங்கட பொறுப்பு ஐயா, நீங்கள் சொல்லுறதைச் செய்வன். நேர்த்தி அந்தோனியாரோட. அவர் பிள்ளையைத் தந்தவர்.” டொக்டர் வாதாடவில்லை. வாதாடும் வேலையை என்னிடம் விட்டார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பங்குச் சுவாமியாரிடம் போனேன். வருத்தக்காரருக்கு ஒருசந்தி கடமையில்லை, பிள்ளை சாப்பிட வேண்டும் என்று அவர் தெளிவாகச் சொன்னார். அந்தோனிப்பிள்ளையைக் கூப்பிட்டும் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டு பேசாமல் போய்விட்டார். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வருடம் முழுக்க, ஊசியும் நிறமும் எல்லாம் ஒழுங்காக நடந்தும், எனக்குப் பெரிய வெள்ளியை நினைத்தாலே பயமாக இருந்தது.

அந்த நாளும் வந்தது. டொக்டர் காலையிலேயே தன் லாச்சியிலிருந்து குட்டானை எடுத்து என்னிடம் தந்தார். “கோவிலுக்குப் போம். சும்மா நில்லும், வாயைத் திறக்க வேண்டாம்” என்றார்.

நான் சைவக்காரி. அம்மன் கோவில் பொங்கலுக்குக் காவடியும் பாற்செம்பும் பார்த்து வளர்ந்தவள். கிடுகால் வேய்ந்த அந்தக் கோவிலில் பெண்கள் பக்கம் ஓரமாக, சேலைத் தலைப்புக்குள் பனங்கட்டியை ஒளித்துக்கொண்டு நின்றேன். ஜெசிந்தா பசாம் படித்தாள். குரல் நடுங்குகிறதா என்று கவனித்துக் கவனித்து எனக்குத்தான் வேர்த்தது. பாட்டு முடிந்து முத்திக்கு வரிசை கட்டினார்கள். நான் முன்னால் போகக் காலெடுத்து வைத்தேன்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து அந்தோனிப்பிள்ளை எழுந்து வந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது, நடை தள்ளாடியது. மடியிலிருந்து ஒரு புதுக் குட்டானை எடுத்தார். பனங்கட்டியைக் கடித்து உடைக்கவில்லை. பல்லில் படக்கூடாதல்லவா? தூணில் குத்தி உடைத்து, ஒரு துண்டை எல்லோரும் பார்க்க மகளின் வாயில் வைத்தார்.

முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பினா. “பெரிய வெள்ளியில, கோவிலுக்குள்ள வைச்சோ அந்தோனி? உன்ர நேர்த்தி என்ன ஆச்சு?”

“நேர்த்தி கிடக்கு. வியாழக்கிழமை விடியத் தொடங்கினனான்” என்றார் அவர். “நேற்று இவளின்ர பங்கு. இண்டைக்கு என்ர பங்கு. பிள்ளை சாப்பிடட்டும்.”

அந்தப் பெண்ணே ஜெசிந்தாவின் கையைப் பிடித்து வரிசையில் முன்னால் விட்டா. எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் இருந்தால் உன் சிறுநீரகம் என்ன ஆகும் மனுசா என்று திட்டவும் வந்தது. உயர்த்த அங்கே விரல் இல்லை. இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

துளசி, உன் கிளினிக்கில் ஜெசிந்தாவை நீ பார்த்திருக்கிறாய். நரைமுடி விழுந்த, சத்தமாகச் சிரிக்கிற அந்த மனுசிதான். மீட்டர் இலக்கம் காட்டிய பிறகும் உன்னிடம் உள்ளங்கையை நீட்டுகிறாளே, ஏனென்று ஒருநாள் கேட்டாய். இதுதான் காரணம்.

சிவஞானம் டொக்டர் இப்போது இல்லை. அந்தோனிப்பிள்ளைக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருக்கும் சீனி வந்துவிட்டது. வயது போனவர்களுக்கு வருகிற வகை, குளிசையோடு போகிறது. இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கிழவர் கதிரையில் இருந்து, மடியில் குட்டானோடு பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அளவாகத்தானா என்று அதட்டினேன். ஜெசிந்தா குசினிக்குள் நின்று சிரித்தாள்.

அவளுடைய மகன், தோள் அகன்ற பெடியன், உதடு காய்ந்து சுவரில் சாய்ந்திருந்தான்.

“உனக்கென்னடா?” என்றேன்.

“புதன்கிழமை தொடங்கினது மிஸி” என்றான். “அம்மாவின்ர பங்கு முடிஞ்சுது. தாத்தாவின்ர பங்கும் முடிஞ்சுது. இண்டைக்குத்தான் என்ர.”